மூளையின் தாங்கணுக்களுக்குப் பெயரிட்ட மாமேதை ருடால்ப் விர்ச்சோ

அறிவியல் வரலாற்றில் ஒளி வீசிய பெரியோர் பலர். அவருள், ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மையை அங்கேயே நிறுத்திவிடாமல் ஏழையின் குடிசை வரை கொண்டு சென்றவர் மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் ஜெர்மானிய மருத்துவ மேதை ருடால்ப் விர்ச்சோ ஆவார். ஆனைமலைத் தொடரின் மீது, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிடையே வாழும் நாம், நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் கடல் கடந்த நாட்டு மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுவது ஏன் என்று சிலர் வினவலாம். அதற்கு இரு காரணங்கள் உண்டு.

உழைக்கும் மக்களை வாட்டும் நோய் தலைவிதியன்று, வறுமையும் கல்லாமையும் அடக்குமுறையும் சேர்ந்து விளைவிப்பது என்று சான்றுகளுடன் நிறுவிய முன்னோடி அவர் என்பது முதற்காரணம். தாயின் வயிற்றில் வளரும் சிசுவின் மூளைக்குள் இரத்தக் குழாய்கள் எவ்வாறு படர்ந்து நிலைபெறுகின்றன என்பதை இன்றைய அறிவியல் விளக்கும்போது, அதில் பெரும்பங்கு பெறும் அணுக்களுக்குப் பெயர் சூட்டியவர் அவர் என்பது இரண்டாவது காரணம். இவ்விரண்டும் நம் தாய்மார்களையும் நம் குழந்தைகளையும் நேரே தொடுவன.

பிறப்பும் கல்வியும்

பிரஷ்ய நாட்டின் பொமரேனியா மாநிலத்தில் ஷீவெல்பைன் என்னும் சிற்றூரில் 1821ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 13ஆம் நாள் விர்ச்சோ பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் உழவுத் தொழில் செய்தவர். ஊரின் நகராட்சிப் பொருளாளராகவும் பணிபுரிந்தவர். பெற்றோருக்கு அவர் ஒரே மகன். செல்வம் மிகுந்த குடும்பமன்று. ஆயினும் இளமையிலேயே மொழிகளிலும் இயற்கை நூலிலும் அவர் பேரார்வம் காட்டினார்.

அந்நாளில் மருத்துவக் கல்வி பெரும் பொருட்செலவு உடையதாக இருந்தது. வசதியற்ற, ஆனால் அறிவாற்றல் மிக்க மாணவர்க்குக் கட்டணமின்றி மருத்துவம் கற்பித்து, பின்னர் அவர்களைப் படை மருத்துவராக அமர்த்திக்கொள்ளும் நிறுவனம் ஒன்றைப் பிரஷ்ய அரசு பெர்லின் நகரில் நடத்தி வந்தது. 1839ஆம் ஆண்டு விர்ச்சோ அதில் இடம் பெற்றார். 1843ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். உதவிக் கல்வி என்னும் ஒரு கதவு திறந்திராவிடில், உலகம் இம்மேதையை அறிந்திருக்க வாய்ப்பில்லை. கல்வி உதவித் தொகையால் படித்து முன்னேறும் நம் இளைஞர்கள் இச்செய்தியை மனத்தில் இருத்துதல் நலம்.

பட்டம் பெற்றபின் பெர்லினில் உள்ள சாரிட்டே மருத்துவமனையில் பணியேற்றார். இறந்தோர் உடல்களை அறுத்து ஆய்ந்து நோயின் மூலம் காண்பது அவர் வேலையாயிற்று. 1845ஆம் ஆண்டிலேயே, இரத்தத்தில் வெள்ளணுக்கள் அளவிறந்து பெருகும் நோயை விவரித்து, பின்னர் அதற்கு லுக்கேமியா என்று பெயரும் இட்டார். இரத்தக் கட்டி குழாயில் உருவாகி, பெயர்ந்து சென்று வேறோர் உறுப்பில் அடைத்துக்கொள்வதையும் அவரே தெளிவாக விளக்கினார். 1847ஆம் ஆண்டு நண்பருடன் சேர்ந்து அவர் தொடங்கிய மருத்துவ இதழ், அவர் பெயரைத் தாங்கி இன்றளவும் வெளிவந்துகொண்டிருக்கிறது.

பஞ்சப் பகுதியில் கண்ட உண்மை

அவர் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி 1848ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நேர்ந்தது. மேல் சைலீசியா என்னும் பகுதியில் பயிர் பொய்த்துப் பஞ்சம் வாட்டியது. அதன் பின்னே டைபஸ் என்னும் கொடுங் காய்ச்சல் பரவி மக்களை வாரிக் கொண்டு போயிற்று. அங்கு வாழ்ந்தோர் போலிஷ் மொழி பேசும் ஏழை உழவரும் சுரங்கத் தொழிலாளரும் ஆவர். ஆட்சிமொழியோ ஜெர்மன். நிலமும் அதிகாரமும் வேறு எவர் கையிலோ இருந்தன. நோயை ஆராய்ந்து வருமாறு அரசு அனுப்பிய குழுவில் 26 வயது இளைஞரான விர்ச்சோ இடம்பெற்றார். பிப்ரவரி 20ஆம் நாள் புறப்பட்ட அவர் மார்ச்சு 10ஆம் நாள் வரை அப்பகுதியில் தங்கினார்.

குடிசை குடிசையாக நுழைந்து பார்த்தார். ஒரே அறையில் நெருக்கியடித்து வாழும் குடும்பங்களையும், உருளைக்கிழங்கன்றி வேறு உணவு அறியாத வயிறுகளையும், தாய்மொழியில் பள்ளியே இல்லாத சிறுவரையும் கண்டார். திரும்பி வந்து அவர் எழுதிய நீண்ட அறிக்கை, மருந்துப் பட்டியலாக அமையவில்லை. முழு மக்களாட்சி வேண்டும், மக்கள் மொழியில் கல்வி வேண்டும், ஆண் பெண் இருபாலார்க்கும் பள்ளி வேண்டும், சாலை வேண்டும், வேளாண்மை சீர்பெற வேண்டும், வரிச்சுமை ஏழையின் தோளிலிருந்து செல்வர் தோளுக்கு மாற வேண்டும் என்பன அவர் எழுதித் தந்த மருந்துகள். டைபஸ் காய்ச்சல் பேன் வழியாகப் பரவுகிறது என்பது 1909ஆம் ஆண்டில்தான் அறியப்பட்டது. எனினும், அக்காய்ச்சல் ஏன் ஏழையை மட்டும் தேடி வருகிறது என்ற வினாவுக்கு விர்ச்சோ முன்னரே விடை கண்டுவிட்டார்.

இதைப் படிக்கும்போது நம் மலையின் வரலாறு நம் கண்முன் வாராதிராது. சமவெளியிலிருந்து கங்காணிகளால் அழைத்து வரப்பட்ட நம் முன்னோர் காட்டைத் திருத்தித் தேயிலை நட்ட காலத்தில், மலேரியாவுக்கும் குளிருக்கும் பட்டினிக்கும் இரையானோர் பலர். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் பி. எச். டேனியல் அத்துயரத்தை 1969ஆம் ஆண்டு வெளிவந்த 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலில் பதிந்து வைத்தார். தொழிலாளர் இயக்கத்திலும் பாடுபட்டார். மேல் சைலீசியாவில் விர்ச்சோ கண்டதையே ஆனைமலையில் இம்மருத்துவரும் கண்டார் எனில் மிகையாகாது.

விர்ச்சோ பெர்லினுக்குத் திரும்பிய சில நாள்களிலேயே, மார்ச்சு 18ஆம் நாள், மன்னராட்சியை எதிர்த்துப் புரட்சி வெடித்தது. வீதியில் தடையரண் எழுப்பியோருள் அவரும் ஒருவர். பின்னர் மருத்துவச் சீர்திருத்தத்திற்கென வார இதழ் ஒன்றை நடத்தி, மருத்துவர் என்பவர் ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞராக விளங்க வேண்டும் என்னும் கொள்கையைப் பரப்பினார். புரட்சி ஒடுக்கப்பட்டதும் அரசின் சினம் அவர்மீது பாய்ந்தது. 1849ஆம் ஆண்டு சாரிட்டே பதவி பறிபோயிற்று. அவ்வாண்டின் இறுதியில் வூர்ஸ்பர்க் பல்கலைக் கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது.

மூளையில் கண்ட புதுமை

மூளை என்றவுடன் அந்நாளில் அறிஞர் அனைவரும் நரம்பணுக்களையே நோக்கினர். எண்ணுவதும் உணர்வதும் ஏவுவதும் நரம்பணுவின் தொழில் என்பதால் பெருமையெல்லாம் அதற்கே சென்றது. அந்நரம்பணுக்களுக்கு இடையே நிறைந்து கிடக்கும் பொருளை எவரும் பெரிதாக மதிக்கவில்லை. 1846ஆம் ஆண்டு மூளையின் உட்குழிகளின் சுவரை ஆராய்ந்த விர்ச்சோ, நரம்பல்லாத ஓர் இணைப்புப் பொருள் அங்கு இருத்தலைக் கண்டார். அது மூளை முழுவதும் பரவியிருப்பதை உணர்ந்து, 1856ஆம் ஆண்டு வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியில் அதற்கு 'நியூரோக்ளியா' எனப் பெயர் சூட்டினார். நரம்புப் பசை என்பது அதன் பொருள். 1858ஆம் ஆண்டு பெர்லினில் அவர் ஆற்றிய 20 சொற்பொழிவுகளிலும் இதற்கு இடம் தந்தார். மூளை நோய்கள் பலவற்றை அறிய இப்பசையை ஆராய்ந்தேயாக வேண்டும் என்று வலியுறுத்தினார். நாம் இவ்வணுக்களைத் தாங்கணுக்கள் என இக்கட்டுரையில் வழங்குவோம்.

வூர்ஸ்பர்க்கில் இருந்தபோது, 1851ஆம் ஆண்டு, மூளைக்குள் நுழையும் இரத்தக் குழாய்களைச் சுற்றி நுண்ணிய இடைவெளி ஓர் உறைபோல் அமைந்திருப்பதையும் அவர் விவரித்தார். பின்னர் பிரெஞ்சு அறிஞர் ரோபின் என்பவரும் அதனை ஆராய்ந்தமையால், விர்ச்சோ–ரோபின் இடைவெளி என்று இன்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஆக, மூளையின் தாங்கணுக்கள், மூளையின் இரத்தக் குழாய்கள் ஆகிய இரு துறைகளிலும் அவர் பெயர் நிலைத்தது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள நெருங்கிய உறவை அறிய உலகம் மேலும் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ரெமாக்கின் கதை

ஒவ்வோர் உயிரணுவும் முன்னிருந்த ஓர் உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என்னும் கோட்பாட்டை 1855ஆம் ஆண்டு விர்ச்சோ உலகறியச் செய்தார். நோய் என்பது உடலுக்குள் புகும் பேயன்று, உயிரணுக்களின் கேடே என்ற புது மருத்துவம் அதன்மேல் எழுந்தது. ஆனால் இதில் நாம் மறைக்கலாகாத செய்தி ஒன்று உண்டு.

இவ்வுண்மையை விர்ச்சோவுக்கு முன்னரே கோழிக் கருக்களில் கண்டு, 1852ஆம் ஆண்டு வெளியிட்டவர் ராபர்ட் ரெமாக் என்னும் யூத அறிஞர். தம் சமயத்தை விட்டு மாற மறுத்தமையால், எத்துணை ஆற்றல் இருந்தும் பிரஷ்யப் பல்கலைக் கழகத்தில் முழுப் பேராசிரியர் பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. 1859ஆம் ஆண்டு கீழ்நிலைப் பேராசிரியர் பதவி மட்டும் கிடைத்தது. 1865ஆம் ஆண்டு அவர் மறைந்தார். விர்ச்சோ தம் கோட்பாட்டை வெளியிட்டபோது ரெமாக்கிற்கு உரிய பெருமையை அளிக்கவில்லை. பிறப்பைக் காட்டிப் பதவியை மறுப்பதும், உழைத்தவன் பெயரை விட்டுவிடுவதும் நம் சமுதாயத்திற்குப் புதியன அல்ல. ஆதலின் இம்மாமேதையைப் போற்றும் இக்கட்டுரையில் ரெமாக்கின் பெயரையும் எழுதி வைக்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

நகரத் தொண்டும் இன ஆராய்ச்சியும்

1856ஆம் ஆண்டு பெர்லின் அவரை மீண்டும் அழைத்துப் புதிய ஆய்வு நிலையமும் அமைத்துத் தந்தது. 1859ஆம் ஆண்டு நகர மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், இறக்கும்வரை அதில் தொண்டாற்றினார். கழிவுநீர் தெருவில் ஓடிய பெர்லினில் பாதாளச் சாக்கடைத் திட்டம் நிறைவேறவும், நகராட்சி மருத்துவமனைகள் எழவும், இறைச்சியைச் சோதித்த பின்னரே விற்கும் முறை வரவும் அவர் ஓயாது உழைத்தார். பிரஷ்ய சட்டமன்றத்திலும், 1880 முதல் 1893 வரை ஜெர்மன் நாடாளுமன்றத்திலும் அமர்ந்தார். பேரதிகாரம் படைத்த பிஸ்மார்க் 1865ஆம் ஆண்டு அவரை ஒற்றைக்கு ஒற்றைப் போருக்கு அழைத்தபோது, அறிவுடையோர் செயல் அதுவன்று என ஏற்க மறுத்தார்.

ஜெர்மானியரே தூய இனத்தவர் என்னும் செருக்கு அந்நாட்டில் தலைதூக்கிய காலம் அது. அதனை வாய்ப்பேச்சால் மறுக்காமல் கணக்கெடுப்பால் மறுக்க முனைந்தார் விர்ச்சோ. பள்ளிச் சிறுவர் 67 லட்சத்திற்கும் மேற்பட்டோரின் முடி, கண், தோல் ஆகியவற்றின் நிறம் நாடெங்கும் குறிக்கப்பட்டது. 1886ஆம் ஆண்டு முழு அறிக்கை வந்தது. பொன்னிற முடியும் நீலக் கண்ணும் கொண்டோர் ஜெர்மானியருள்ளும் பாதியளவுகூட இல்லை. யூதச் சிறுவருள்ளும் அத்தகையோர் இருந்தனர். எங்கும் கலப்பே மிகுந்திருந்தது. தூய இனம் என்பது ஏட்டிலும் இல்லை, நாட்டிலும் இல்லை என்று எண்களே பேசின. யூதர்மீது பகை மூட்டிய அரசியலையும் அவர் எதிர்த்து நின்றார். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்போர்க்கு இதனினும் சிறந்த விடை வேண்டுமோ?

கருவில் நிகழும் அற்புதம்

இனி, அவர் பெயரிட்ட தாங்கணுக்களைப் பற்றி இன்றைய அறிவியல் கூறுவதைக் காண்போம்.

கருவில் உடலுறுப்புகள் மூன்று படலங்களிலிருந்து தோன்றுகின்றன. மூளை வெளிப்படலத்தின் பிள்ளை. இரத்தக் குழாய்கள் நடுப்படலத்தின் பிள்ளைகள். அதாவது மூளையும் அதற்கு உயிரூட்டும் குழாய்களும் வெவ்வேறு பிறப்பின. கருவுற்ற நான்காம் வாரத்திற்குள் மூளைக்கும் தண்டுவடத்திற்கும் அடிப்படையான நரம்புக் குழல் மூடிக்கொள்கிறது. அப்போது அதனுள் இரத்தக் குழாய் ஒன்றும் இல்லை. புறத்தே மட்டும் ஒரு வலைப்பின்னல் சூழ்ந்திருக்கும். மூளை தடிக்கத் தடிக்க உள்ளிருக்கும் அணுக்களுக்கு உயிர்வளி போதாமல் போகிறது. அவ்வணுக்கள் சில புரதங்களைச் சுரந்து அழைப்பு விடுக்கின்றன. அவ்வழைப்பை ஏற்றுப் புறத்தே உள்ள குழாய்கள் தளிர்விட்டு மூளைக்குள் நுழைகின்றன.

இவ்விடத்தில்தான் கருவுக்கே உரிய தாங்கணுக்கள் முன்வருகின்றன. அவை மூளையின் உட்குழியருகே உடலை வைத்துக்கொண்டு, வெளிப்பரப்பு வரை நீண்ட இழைகளை நீட்டுகின்றன. வண்டிச் சக்கரத்தில் குடத்திலிருந்து வட்டை வரை செல்லும் ஆரக்கால்களைப் போன்ற தோற்றம். புதிய நரம்பணுக்கள் இவ்விழைகளைப் பற்றியே தம் இடம் நோக்கி ஏறுகின்றன. அம்மட்டோ! அந்நரம்பணுக்களைப் பெற்றுத் தருவதே இத்தாங்கணுக்கள்தாம் என்று 2001ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்டது. பசை என்று கருதப்பட்டதே தாய் என்று தெரிய வந்தது.

இளங் குழாய்களுக்கும் இவையே துணை. 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், எலிக் கருவின் மூளையில் இத்தாங்கணுக்களைக் குறைத்தபோது, புதிதாகப் படர்ந்த இரத்தக் குழாய்கள் நிலைபெறாமல் சுருங்கி மறைந்தன. குழாய் உள்ளே நுழைவது மட்டும் போதாது. நுழைந்தது நிலைக்கவும் தாங்கணு வேண்டும் என்பது இதனால் விளங்கிற்று. நம் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தைப் பற்றி மிளகுக் கொடி ஏறுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். மரத்தை வெட்டினால் கொடி சாய்ந்துவிடும். கருவின் மூளையிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது.

வளர்ந்த மூளையில் விண்மீன் வடிவத் தாங்கணுக்கள் தம் பாதங்களால் இரத்தக் குழாய்களைச் சுற்றிப் பற்றிக்கொள்கின்றன. நச்சுப் பொருள்கள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகாமல் காக்கும் தடுப்பு வலிமையாக நிற்க இவை உதவுகின்றன. குழாயைச் சுற்றி விர்ச்சோ கண்ட இடைவெளியின் வழியே மூளை நீர் பாய்வதை 2012ஆம் ஆண்டு எலிகளில் செய்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

இவ்வறிவு ஏட்டறிவாக நின்றுவிடலாகாது. 32 வாரங்களுக்கு முன் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் மூளையில், உட்குழியை ஒட்டிய பகுதியில் குழாய்கள் மிக மெல்லியனவாக இருக்கும். அவற்றைப் பற்றிக் காக்கும் தாங்கணுப் பாதங்கள் இன்னும் முதிர்ந்திரா. ஆதலின் பிறந்த சில நாள்களுக்குள் அங்கு இரத்தம் கசிந்து, குழந்தையின் உயிருக்கோ வாழ்நாள் நலத்திற்கோ ஊறு நேரக்கூடும். குறைமாதப் பேறு நேரும் என அறிந்தவுடன் தாய்க்கு உரிய ஊசி மருந்தை மருத்துவமனையில் முன்னரே செலுத்தினால் இவ்விடர் குறைகிறது. ஆனால் அதற்குத் தாய் காலத்தில் மருத்துவமனை சேர வேண்டும். பொள்ளாச்சி செல்ல ஆழியாறு வழியே 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டிய நம் மலையில், மழைக்காலத்து இரவில் அது எத்துணை அரிது என்பதை நம் தாய்மார்கள் நன்கறிவர். விர்ச்சோ சாலை வேண்டும் என்று மருத்துவ அறிக்கையில் ஏன் எழுதினார் என்பது இப்போது விளங்கும்.

குறைகளும் இறுதி நாள்களும்

மாமேதையாயினும் அவர் குறையற்றவர் அல்லர். பிரசவம் பார்ப்போர் கைகளைத் தூய்மை செய்தால் தாய்மார் சாவைத் தடுக்கலாம் என்று செம்மல்வைஸ் கண்ட உண்மையை அவர் ஏற்கவில்லை. நோய்க்குக் கிருமியே காரணம் என்ற கொள்கையையும் நெடுங்காலம் ஐயத்துடனேயே நோக்கினார். நியாண்டர்தால் பள்ளத்தாக்கில் கிடைத்த தொல்மனித எலும்பை, நோயுற்ற அண்மைக்கால மனிதனுடையது என்று கருதினார். பெரியோர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்றல் தகாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1892ஆம் ஆண்டு இங்கிலாந்தின் காப்ளே பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1901ஆம் ஆண்டு அவருடைய 80ஆம் பிறந்தநாளை அறிஞருலகம் விழாவாகக் கொண்டாடியது. 1902ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஓடும் டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து தொடையெலும்பு முறிந்தது. அதிலிருந்து அவர் முழுதும் மீளவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பெர்லினில் இயற்கை எய்தினார்.

நம் கடமை

உடல் என்பது எண்ணற்ற உயிரணுக்கள் குடிமக்களாக வாழும் ஒரு நாடு என்பது விர்ச்சோவின் கருத்து. அந்நாட்டில் நரம்பணு உயர்ந்தது, தாங்கணு தாழ்ந்தது என்ற எண்ணம் பொய்த்துவிட்டது. பசை என்று எண்ணப்பட்டதே மூளையை ஈன்று, வேற்றுப் பிறப்பினவாகிய இரத்தக் குழாய்களுக்கும் கைகொடுத்து நிலைநிறுத்துகிறது. தேயிலைக் கொழுந்தை விரலால் கிள்ளி உலகத்தின் கோப்பைகளை நிறைக்கும் நம் தாய்மாரும் தந்தையரும் இந்நாட்டின் தாங்கணுக்கள் அல்லரோ?

டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1928ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில், உழைக்கும் பெண்களுக்குப் பேறுகால உதவி வழங்கும் சட்ட முன்வடிவை ஆதரித்து வாதாடினார். கருவுற்ற தாய்க்கு ஓய்வும் உணவும் தருதல் நாட்டு நலனுக்கு உரியது என்பது அவர் கொள்கை. கருவில் மூளை உருவாகும் விதத்தை அறிந்த நாம், அக்கொள்கையின் ஆழத்தை இன்று மேலும் உணர்கிறோம்.

ஆகவே நம் சங்க உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் குடும்பங்களில் ஒரு பெண் கருவுற்றதும் காலந்தாழ்த்தாது செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். இரும்புச் சத்து மாத்திரையும் போலிக் அமில மாத்திரையும் தவறாது உண்ணச் செய்யுங்கள். பாரம் சுமக்க விடாதீர்கள். மாதம் நிறையுமுன் வலியோ நீர்க்கசிவோ தோன்றினால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இளைஞர்களே! உதவிக் கல்வியால் உயர்ந்த ஓர் உழவர் மகன் மருத்துவத்தின் போக்கையே மாற்றினான். உங்களுள் ஒருவர் மருத்துவராகவோ செவிலியராகவோ ஆய்வாளராகவோ இம்மலைக்குத் திரும்பி வருவாராயின், இக்கல்விச் சங்கம் 25 ஆண்டுகள் எரித்த விளக்கு வீண்போகவில்லை என்று நாம் மகிழ்வோம். வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில் அத்தகையோர் பலரை எதிர்நோக்கி நிற்கிறோம்.